வேண்டாதவள் என்றொரு பெயர்

மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் 2011 அக்டோபர் 22 அன்று ஒரு விசித்திரமான விழா நடந்தது. பல கிராமங்களிலிருந்து வந்திருந்த 285 பெண்களுக்கு அன்று புதிதாகப் பெயர் சூட்டினார்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைகளுக்கு நடக்கும் பெயர் சூட்டு விழா அல்ல இது. பள்ளிக்கூடம் போகிற வயதுப் பெண்கள், இருப்பதில் நல்ல உடையை உடுத்தி, தலையைப் படியப் பின்னிக் கொண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் புதுப் பெயர் எழுதிய சான்றிதழும் ஒரு சின்னப் பூங்கொத்தும் தரப்பட்டன. அதுவரை அவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பெயர்தான் இருந்தது. நகுஸா, அல்லது நகோஷி. மராத்தியில் அதற்கு 'வேண்டாதவள்' என்று அர்த்தம்.

இந்தப் பெயர்களைக் கணக்கெடுத்தது மாவட்ட சுகாதாரத் துறை. வைத்தவர்கள் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பெண், இரண்டு பெண் பிறந்த பிறகு மூன்றாவதும் பெண்ணாகவே வந்தால், அதற்கு 'வேண்டாதவள்' என்று பெயரிட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது அங்கே நெடுங்கால நம்பிக்கை. கடவுளுக்கு எழுதும் ஒரு விண்ணப்பம் என்று வைத்துக் கொள்ளலாம். ஆனால் அந்த விண்ணப்பத்தை ஆயுள் முழுவதும் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு அலைய வேண்டியவள் அந்தக் குழந்தை. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறக்கும் ஒவ்வொரு காலையிலும் 'வேண்டாதவள்' என்று அவர் கூப்பிட, 'உள்ளேன் ஐயா' என்று இவள் எழுந்து நிற்க வேண்டும்.

நமக்கு இது புதிதா என்ன? தென் மாவட்டங்களில் போதும்பொண்ணு என்ற பெயரைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். திருத்தணிப் பக்கம் நாராயணபுரத்தில் 'வேண்டாம்' என்றே பெயர் வைக்கிறார்கள். ஹரியாணாவில் பதேரி, காஃபி என்று உண்டு; இரண்டுக்கும் 'போதும்' என்றுதான் பொருள். ராஜஸ்தானில் தாப்பு, வயிறு நிறைந்துவிட்டது, இனி வேண்டாம் என்கிற அர்த்தத்தில். மாஃபி என்றும் வைக்கிறார்கள். மன்னிப்பு! பிறந்ததற்காக யார் யாரிடம் கேட்கும் மன்னிப்போ தெரியவில்லை.

இந்தியாவின் தனிச்சொத்தும் அல்ல இந்த வழக்கம். சீனக் கிராமங்களில் சாவ்தீ, லாய்தீ என்ற பெயரில் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். 'தம்பியை அழைத்து வா', 'தம்பி வா' என்று பொருள். பெயர் அவளுடையது, அதில் இருப்பவன் இன்னும் பிறக்காத தம்பி. கொரியாவில் ஒரு தலைமுறைக்கு முந்தைய பெண்களிடையே மல்ஜா என்ற பெயர் சகஜம். இதுவே கடைசியாக இருக்கட்டும் என்ற வேண்டுதல் அது. ஒருவரை ஒருவர் அறியாத கிராமத்துப் பாட்டிகள், வெவ்வேறு மொழிகளில், இவ்வளவு கச்சிதமாக ஒரே விஷயத்தை யோசித்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். குப்பன், குப்பம்மா, பிச்சை என்றெல்லாம் நம்மிடம் பெயர்கள் உண்டு. மராத்தியிலும் தோண்டு, தக்டு என்று கல்லின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பார்கள். கேட்பதற்கு இவையும் மட்டமான பெயர்கள்தான். ஆனால் இவை வேறு ஜாதி. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்து போன வீட்டில், இந்தக் குழந்தையாவது தங்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து, எமனின் கண்ணுக்கு இது லட்சியம் இல்லாத பண்டமாகத் தெரியட்டும் என்று வைத்த பெயர்கள். எமனை ஏமாற்ற அன்பு போடும் வேஷம். போதும்பொண்ணுவில் அப்படி ஒரு வேஷமும் இல்லை. சொன்னதுதான் அர்த்தம்.

சதாரா சிறுமிகள் தங்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொண்ட பெயர்கள் சுவாரஸ்யமானவை. சிலர் சினிமா நட்சத்திரத்தை நினைத்து ஐஸ்வர்யா ஆனார்கள். சிலர் வைஷாலி. சிலர் சாவித்திரி. புராணத்து சாவித்திரியை நினைத்துத்தான் வைத்துக் கொண்டிருப்பார்கள். ஆனால் அதே சதாரா மாவட்டத்தின் நாயகாவ் கிராமத்தில்தான் 1831 ஜனவரி 3 அன்று இன்னொரு சாவித்திரி பிறந்தார். ஒன்பது வயதில் ஜோதிராவ் பூலேக்கு மணமுடிக்கப்பட்டு, கணவரிடம் எழுத்துக் கற்று, 1848ல் புனேயின் பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கிய சாவித்திரிபாய். பள்ளிக்குப் போகும் வழியில் சேற்றையும் சாணத்தையும் வீசுவார்கள் என்பதால் மாற்றிக் கட்ட இன்னொரு புடவையையும் கையோடு எடுத்துச் சென்றவர்.

அவருடைய மாணவி ஒருத்தியைப் பற்றி நம் பாடப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. முக்தா சால்வே என்ற அந்தச் சிறுமி, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மாங் ஜாதியைச் சேர்ந்தவள். பூலே தம்பதியின் பள்ளியில் படித்தது மூன்றே ஆண்டுகள். 1855ல் அவள் எழுதிய கட்டுரை 'ஞானோதய' என்ற மராத்திப் பத்திரிகையில் வெளியானது. மாங், மகர் ஜாதியினரின் துயரம் பற்றிய அந்தக் கட்டுரையில், வேதம் பிராமணர்களுக்கு மட்டுமே சொந்தம் என்றால் எங்களுக்கு என்று மதம் எது என்ற கேள்வியை ஒரு பள்ளிச் சிறுமி எழுப்பினாள். தன்மதிப்பு என்பதற்கு உதாரணம் தேடி நாம் வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. யாரும் அவளிடம் 'உன்னால் முடியும்' என்று உபதேசம் செய்ததாகத் தெரியவில்லை. எழுத்தைக் கொடுத்தார்கள், அவள் சொல்ல விரும்பியதைக் கேட்டார்கள், அச்சிலும் ஏற்றினார்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெண் குழந்தைகளின் தன்னம்பிக்கை என்பது இன்று உலகம் முழுவதும் ஒரு பெரிய பிரசாரமாகிவிட்டது. ஐ.நா. சபை 2011 டிசம்பரில் தீர்மானம் போட்டு, 2012 முதல் அக்டோபர் 11ஐ சர்வதேசப் பெண் குழந்தைகள் தினமாகக் கொண்டாடுகிறது. நாமும் ஜனவரி 24ஐ தேசியப் பெண் குழந்தைகள் தினமாக வைத்திருக்கிறோம். சுவரொட்டிகள், ஓவியப் போட்டிகள், ஒரு நாள் கலெக்டர் நாற்காலியில் மாணவியை உட்கார வைத்துப் புகைப்படம். 2015 ஜனவரியில் பானிபட்டில் தொடங்கப்பட்ட 'பேட்டி பச்சாவோ, பேட்டி படாவோ' திட்டத்தை நாடாளுமன்றக் குழு ஒன்று 2021ல் ஆராய்ந்தபோது, 2016 முதல் 2019 வரை மாநிலங்களுக்கு விடுவிக்கப்பட்ட பணத்தில் கிட்டத்தட்ட 79 சதவிகிதம் விளம்பரத்துக்கே செலவாகியிருந்தது. பெண்ணைக் காப்பாற்று என்று சொல்வதற்கு ஆன செலவு போக மீதியில்தான் பெண்ணைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இந்தப் பிரசாரங்களுக்கு அடியில் ஒரு அனுமானம் இருக்கிறது. குறை அந்தப் பெண்ணின் மனதுக்குள் இருக்கிறது, அவளுக்குத் தைரியம் சொன்னால் சரியாகிவிடும் என்பது. உண்மை நிலவரம் வேறு. ஹரியாணாவில் 314 அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில் ஏழாம், எட்டாம் வகுப்பில் தொடங்கி இரண்டரை ஆண்டுகள் ஆண் பெண் சமத்துவம் பற்றிய வகுப்புகள், மாணவர்களும் மாணவிகளும் சேர்ந்து உட்கார்ந்து விவாதிக்கும் வகுப்புகள், நடந்தன. 2022ல் வெளியான முடிவின்படி பையன்கள், பெண்கள் இருவரின் கருத்துகளிலும் மாற்றம் தெரிந்தது. நடத்தையில் அதிகம் மாறியவர்கள் பையன்கள்; வீட்டு வேலையில் கை கொடுக்கத் தொடங்கியதாகச் சொன்னார்கள். பெண்களின் எதிர்கால ஆசைகள் மட்டும் உயரவில்லை. ஏன் என்று பார்த்தால், அவை ஏற்கெனவே உயரத்தில்தான் இருந்தன! நிறையப் படிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்று அந்தப் பெண்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். அதை நடக்க விடாத கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருக்கிறது.

பூட்டைத் தொட்ட சில காரியங்களும் நடக்காமல் இல்லை. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் நடந்தது, நான் படித்தவற்றில் மிகவும் நம்பிக்கை தருவது. 1993ல் 73வது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. எந்த ஊர் என்பதைக் குலுக்கல் போலச் சுழற்சி முறையில் தீர்மானித்ததால் ஆய்வாளர்களுக்கு அது பெரிய வசதி. எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட நால்வர் 495 கிராமங்களில் விசாரித்து, 2012ல் 'சயன்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். பையனுக்கு என்ன ஆசைப்படுகிறார்கள், பெண்ணுக்கு என்ன ஆசைப்படுகிறார்கள் என்பதில் பெற்றோரிடம் இருந்த இடைவெளி, இரண்டு தேர்தல் காலம் பெண் தலைவி இருந்த ஊர்களில் 20 சதவிகிதம் குறைந்திருந்தது. பிள்ளைகளிடமே கேட்டபோது 32 சதவிகிதம். படிப்பில் பையனுக்கும் பெண்ணுக்கும் இருந்த வித்தியாசம் அந்த ஊர்களில் மறைந்தேவிட்டது. பெண்கள் வீட்டு வேலையில் கழிக்கும் நேரமும் குறைந்தது.

அந்தத் தலைவிகள் பெண்களுக்கென்று தனியாகத் திட்டம் எதுவும் கொண்டுவந்ததால் நடந்த மாற்றம் அல்ல இது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த ஊர்ப் பெண்களுக்குப் புதிதாக வேலை வாய்ப்பும் பெருகிவிடவில்லை. நடந்தது இதுதான்: ரேஷன் கார்டு, குழாய்த் தண்ணீர், ரோடு என்று எதற்கு அலைந்தாலும் கடைசியில் ஒரு பெண்ணின் கையெழுத்துக்காக ஊர் ஆண்கள் காத்து நிற்பதை அந்தச் சிறுமிகள் பார்த்தார்கள். அவர்களுடைய அப்பாக்களும் பார்த்தார்கள். பெண் தலைவர் என்றாலே 'பின்னால் புருஷன்தானே நடத்துகிறார்' என்று கேலி பேசுகிறவர்கள் நம் ஊரிலும் அநேகம். கேலியில் பாதி நிஜமாகவே இருக்கலாம். அப்படியும் இவ்வளவு நடந்திருக்கிறது.

சைக்கிளையும் சொல்ல வேண்டும். பீகாரில் 2006ல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்க அரசு 2,000 ரூபாய் தந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும் செய்த ஆய்வின்படி, உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவிகிதம் கூடியது. பையன்களோடு இருந்த இடைவெளி 40 சதவிகிதம் குறைந்தது. பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். பிறகு ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டுக் கிராமங்களிலும் மாணவிகளுக்கு சைக்கிள் கொடுத்துப் பார்த்தார்கள். பள்ளிக்கு வராத நாட்கள் குறைந்தன. தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு அந்தப் பெண்களிடம் கூடியிருந்ததும் பதிவாகியிருக்கிறது. புதுக்கோட்டைக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், கல் குவாரித் தொழிலாளிகளும் அங்கன்வாடிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகிய மாவட்டம் அது. அ, ஆ கற்றதைவிட பெடல் மிதித்ததைத்தான் அந்தப் பெண்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

ஆனால் இவையெல்லாம் பிறந்த பெண்களைப் பற்றிய விஷயம். 2018 ஜனவரியில், இளஞ்சிவப்பு அட்டை போட்டு வெளியிடப்பட்ட மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, ஆண் பிள்ளை கிடைக்கும்வரை பெற்றுக்கொண்டே போகும் வழக்கத்தால் பிறந்த, அதாவது பெற்றோர் விரும்பாமல் பிறந்த, 25 வயதுக்குட்பட்ட பெண்கள் இந்தியாவில் 2 கோடியே 10 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. அரசாங்க ஆவணம் ஒன்று 'வேண்டப்படாத பெண்கள்' என்ற சொல்லை எழுதியது ஒரு விதத்தில் நேர்மையான காரியம். சதாராவில் 285 பேருக்குத்தான் அந்தப் பெயர் எழுத்தில் இருந்தது. மற்றவர்கள் லட்சுமி, பிரியா, அனிதா என்ற பெயர்களோடு நடமாடும் நகுஸாக்கள்.

இன்னும் கொடிய உண்மை ஒன்று உண்டு. ஒருத்திக்கு நகுஸா என்று பெயர் வைத்தார்கள் என்றால், அவளைப் பிறக்க விட்டார்கள் என்று அர்த்தம். ஸ்கேன் மெஷின் வந்த பிறகு அந்தப் பெயருக்கே தேவை இல்லாமல் போனது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதற்கு எதிராக நாட்டிலேயே முதலில், 1988ல், சட்டம் போட்ட மாநிலம் மகாராஷ்டிரம். மத்திய சட்டம் 1994ல் வந்தது. அப்படியும் அந்த மாநிலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 2001ல் 913 ஆக இருந்த பெண் குழந்தைகள், 2011ல் 894 ஆனார்கள். சட்டம் வந்தது, படிப்பு வந்தது, வசதி வந்தது, எண்ணிக்கை இறங்கியது.

இதிலிருந்து மீண்ட நாடு ஒன்று இருக்கிறது. தென் கொரியாவில் 1990ல் நூறு பெண் குழந்தைகளுக்கு 116 ஆண் குழந்தைகள் பிறந்தன. 2007க்குள் அது இயற்கையான விகிதமான 106க்கு வந்துவிட்டது. அதன்பின் ஏறவில்லை. பெண்கள் வேலைக்குப் போனது, பிள்ளைகள் நகரத்துக்குப் போனது, முதுமைக்கு மகனை மட்டும் நம்பியிராத நிலை என்று காரணங்கள் பல. அவற்றோடு, குடும்பத்துக்கு ஆண்தான் தலைவன் என்று பதிவேட்டில் எழுதிவைத்த 'ஹோஜு' முறையை எதிர்த்துப் பெண்கள் அமைப்புகள் பல பத்தாண்டுகள் போராடின. 2005ல் அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2008ல் முறையே ஒழிந்தது. அதே 2005ல் அங்கே உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் கொடுத்தது. ஒன்று, மணமான மகளும் குலச் சங்கத்தின் உறுப்பினர்தான், சொத்தில் அவளுக்கும் பாத்தியதை உண்டு என்பது. மற்றொன்று, பெயர் மாற்றிக்கொள்ள இருந்த கெடுபிடிகளைத் தளர்த்தியது. அதன்பின் பெயர் மாற்ற மனுக்கள் குவிந்தன. 2024 பிப்ரவரியில், கருவின் பாலினத்தைப் பெற்றோரிடம் டாக்டர் சொல்லக்கூடாது என்பதில் எஞ்சியிருந்த தடையையும் நீதிமன்றம் நீக்கியது. இனி அந்தத் தடைக்கு வேலை இல்லை என்று அவர்களால் சொல்ல முடிகிறது.

நம்மிடம் சொத்துச் சட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. பரம்பரைச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு என்று ஆந்திரம் 1986லும் தமிழ்நாடு 1989லும் மகாராஷ்டிரம் 1994லும் சட்டம் செய்தன. 2005ல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது. அப்பா எப்போது இறந்தார் என்பது முக்கியமில்லை, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. பிறகு என்ன நடக்கிறது? கல்யாணமான பெண்ணை ஒரு நாள் பிறந்த வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். விருந்து போடுகிறார்கள். சாப்பிட்ட கையோடு ரெஜிஸ்டிரார் ஆபீசுக்கு அழைத்துப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். ராஜஸ்தானில் இதற்கு 'ஹக் தியாக்', உரிமைத் தியாகம் என்று பக்தி மணம் கமழும் பெயரே இருக்கிறது. பெண்ணும் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறாள். போடாவிட்டால் அண்ணன் வாசலில் கால் வைக்க முடியாது, பிள்ளைகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் வராது, நாளைக்குப் புகுந்த வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் போய் நிற்க இடம் இருக்காது. அவள் கணக்கில் அது முட்டாள்தனமும் அல்ல. 'உன்னை நீ மதிக்கக் கற்றுக்கொள்' என்று அவளிடம் சொல்கிறவர்கள் அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களிடமும் ஒரு வார்த்தை சொன்னால் தேவலை.

பெயருக்கே திரும்பி வந்தால், மகாராஷ்டிரத்தில் 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் அப்பா பெயருக்கு முன்னால் அம்மா பெயரும் இடம்பெற வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. சதாராவில் அன்று சான்றிதழ் வாங்கிய சிறுமிகளில் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று இருபதுகளின் நடுவில் இருப்பார்கள். பலருக்குத் திருமணமாகியிருக்கும். அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்தால், அதன் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் ஐஸ்வர்யா என்றோ சாவித்திரி என்றோ இருக்கும். இந்த அளவுக்கு அந்த விழா வீண் போகவில்லை. மகாராஷ்டிரத்தில் நிலத்துக்கு 'ஸாத் பாரா' என்றொரு பதிவேடு உண்டு. நம் ஊர்ப் பட்டா போல. அந்த 285 வீடுகளில் நிலம் இருக்கிற வீட்டு ஸாத் பாராவில், பழைய பெயரோ புதுப் பெயரோ, மகளின் பெயர் ஏறியிருக்கிறதா என்று யாரும் இதுவரை விழா எடுத்துப் பார்க்கவில்லை.